பிள்ளை எடைக்கு ஒரு சேவல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான் யோசிக்க ஆரம்பித்தபோது என் மகளுக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்தது. இப்போது அவள் மகளுக்குப் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கிறது. இடையில் எத்தனையோ தடவை பேனாவில் மை ஊற்றினேன், மைதான் காய்ந்தது. பயம்தான் காரணம். கருப்பசாமியிடம் பயம், என் மனைவி செல்லத்தாயியிடம் மரியாதை. (வரிசையை மாற்றிப் படித்தாலும் தவறில்லை.)

ஆனால் நான் எழுதவில்லை என்பதற்காகக் கதை சும்மா இருந்ததா? ஊர் ஊராகப் போய்விட்டது. போன ஆவணியில் உத்தமபாளையத்துக் கல்யாண வீட்டில், பந்தியில் பக்கத்து இலைக்காரர், முன்பின் பழக்கமில்லாதவர், என் கதையை என்னிடமே சொன்னார். சொல்லி முடித்து, "அந்தக் கூறுகெட்ட மனுசன் இன்னும் உசுரோடதான் இருக்காராம்ல" என்று அப்பளத்தை நொறுக்கினார். சரி, அந்தக் கூறுகெட்ட மனுசனே எழுதிவிடட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குச் சுருளிப்பட்டி. பெயர் சுருளியாண்டி, சுருளி என்பார்கள். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதிலும் கணக்கு எனக்கும் வாத்தியாருக்கும் ஒத்துவராத விஷயமாக இருந்தது. அப்பா விட்டுப்போன தோட்டத்தில் கத்தரியும் அவரையும் போட்டு, வாரா வாரம் மூட்டை கட்டி, மலைமேல் இருந்த ஒரு தேயிலை எஸ்டேட்டின் துரை பங்களாவுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அது இரண்டாவது உலகச் சண்டைக் காலம். மண்ணெண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் தட்டுப்பாடு. பஸ் கரியில் ஓடியது. ஓடியது என்றா சொன்னேன்? ஏற்றம் வந்தால் நாங்கள் இறங்கித் தள்ளுவோம், அது எங்களோடு கூட வரும்.

அந்த வருடம் தை மாதத்தில் எங்களுக்குத் தலைப்பிள்ளை பிறந்தது, எட்டாம் மாதத்திலேயே. ஏழாம் மாதப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதப் பிள்ளை தங்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மருத்துவச்சி பிள்ளையை இரண்டு கையிலும் ஏந்திப் பார்த்தாள். "என்ன ஆத்தா இது, ஒரு கோழிக் கனங்கூட இல்லையே" என்றாள். போடியிலிருந்து இலவம்பஞ்சு வரவழைத்து, அதற்குள் பிள்ளையைப் பொதிந்து, மூக்கும் வாயும் மட்டும் தெரிய வைத்தார்கள். அழுகைகூட வரவில்லை. பூனைக்குட்டி முனகுகிற மாதிரி ஒரு சத்தம்.

நான் வெளியே ஓடினேன். நேராக எங்கள் தோட்டத்து ஓரம் இருக்கிற கருப்பசாமி கோயிலுக்கு. அங்கே பூசாரி வீரணன் விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தார். நான் தரையில் விழுந்தேன். கேட்க வேண்டியதை ஒழுங்காகக் கேட்டேன். கொடுக்க வேண்டியதைச் சொல்லும்போதுதான் என் புத்தி ஊர்வலம் கிளம்பியது.

என் அண்ணன் தன் மகன் பிறந்தபோது ஊரே பார்க்கக் கிடாய் வெட்டியிருந்தார். எனக்குக் கிடாய்க்கு வழியில்லை. ஆனால் அண்ணனைவிட இளைத்த வேண்டுதல் வேண்டிக்கொள்ளவும் மனம் இல்லை. (உயிர் போகிற நேரத்திலும் மனுசனுக்குப் பங்காளி ஞாபகம் வருகிறது பாருங்கள்.) மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்துக் கோயில்களில் பிள்ளையைத் தராசில் வைத்து, எடைக்கு எடை பழமும் சர்க்கரையும் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். மருத்துவச்சியின் 'கோழிக் கனம்' காதிலேயே நின்றது. இரண்டும் என் தலைக்குள் சேர்ந்தன.

"கருப்பா! இந்தப் பிள்ளை ஒரு வருசம் தாண்டட்டும். பிள்ளை எடைக்கு எடை சேவல் தாரேன்!"

வீரணன் திரியைக் கீழே வைத்தார். "ஏப்பா சுருளி, எத்தனை சேவலு? எடைக்குத் தக்கன கூட்டிக் குறைச்சு வைப்பியா?"

"அதெல்லாம் இல்லை. ஒரே சேவலு! ஒத்தைச் சேவலு!"

ஒரு கோழிக் கனம் உள்ள பிள்ளைக்கு ஒரு கோழி. இதுதான் என் கணக்கு. பிள்ளை வளரும் என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. வளர வேண்டும் என்றுதான் வேண்டியிருக்கிறேன். வளர்ந்தால் என்ன ஆகும் என்று பார்க்கவில்லை.

கருப்பன் கைவிடவில்லை. பிள்ளை பஞ்சுக்குள்ளிருந்து மெல்ல மெல்ல வெளியே வந்தாள். கருப்பாயி என்று சாமி பெயரையே வைத்தோம். பங்குனி பிறப்பதற்குள் கன்னத்தில் சதை வந்துவிட்டது. ஊர்ப் பெண்கள் வந்து நெட்டி முறித்தார்கள். எனக்கு ஒரு கண்ணில் ஆனந்தக் கண்ணீர், இன்னொரு கண்ணில் கோழிக்கவலை. எங்கள் ஊரில் உள்ளதிலேயே பெரிய சேவலைத் தூக்கிப் பார்த்தேன். பிள்ளை அப்போதே அதைத் தாண்டியிருந்தாள்.

அப்போதுதான் துரை பங்களாக் கோழிகள் ஞாபகத்துக்கு வந்தன.

துரை சண்டைக்குப் போய்விட்டார். பங்களாவை ஆண்டது சமையற்கார பட்லர் குஞ்ஞப்பன். துரை நாற்காலியில் உட்கார்ந்து, துரை கோப்பையில் காப்பி குடிப்பார். பின்கட்டில் சீமையிலிருந்து வந்த ஒரு சேவல் நின்றது. செங்கல் நிறம். கால் ஒவ்வொன்றும் என் மணிக்கட்டுத் தடிமன். அது நடந்தால் தாசில்தார் நடக்கிற மாதிரி இருக்கும். அதைச் சுற்றி, நம் பள்ளத்தாக்கிலிருந்து மலைக்குப் போன நாட்டுக் கோழிகள். ஓரமாக நாட்டுச் சேவல் ஒன்றும் வேலை வெட்டி இல்லாதது போலத் திரிந்தது. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. (வேலை வெட்டி இல்லாதவனைக் கணக்கில் சேர்க்காமல் விடக் கூடாது என்பது இப்போது தெரிகிறது.)

"பட்லரே, இந்தச் சேவலோட வாரிசு எனக்கு வேணும்" என்றேன். விஷயத்தைச் சொன்னேன்.

குஞ்ஞப்பன், துரையின் முட்டைகளில் ஏழு எடுத்து என் துண்டில் தாராளமாக வைத்தார். துரையின் சொத்தில் அவருக்கு அப்படி ஒரு தர்ம சிந்தனை. "ஒண்ணும் பேடிக்கண்டா, சுருளி" என்றார். பயப்படாதே என்று அர்த்தம். "அச்சன் எப்படியோ மக்கள் அப்படி. தையில உன் சாமி தட்டை வச்சுக்கிட்டுத் திகைச்சுப் போவாரு."

அச்சன், அதாவது தகப்பன், யார் என்று நான் கேட்கவில்லை. அம்மை யார் என்றும் கேட்கவில்லை. முட்டைகளைத் துண்டோடு மடியில் வைத்து, கரி பஸ்ஸைத் தள்ளாமல் உட்கார்ந்தே வந்தேன். அதற்காக வாங்கிய வசவு தனி.

எங்கள் வீட்டு அடைக்கோழியில் வைத்தோம். சித்திரையில் ஆறு பொரித்தன. ஒரு முட்டை மற்றதைவிடப் பெரியது. அதிலிருந்து வந்த குஞ்சும் பெரியது. பஞ்சுப் பந்து மாதிரி அழகு. கடைசியாகப் பொரித்தது சின்ன முட்டை, சோனிக் குஞ்சு. நான் கொஞ்சமும் தாமதிக்கவில்லை. பெரிய குஞ்சைக் கருப்பன் கோயிலுக்குத் தூக்கிப்போய், கால் நகம் ஒன்றை லேசாகக் கிள்ளி, மஞ்சள் கயிறு கட்டிவிட்டேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் இது. கயிறு கட்டிவிட்டால் அது சாமி சொத்து. விற்கக் கூடாது, மாற்றக் கூடாது, கல்லெடுத்து எறியக் கூடாது, திட்டக்கூடக் கூடாது. அது யார் வீட்டில் நுழைந்து எதைத் தின்றாலும், தின்னக் கொடுத்து வைத்தோம் என்று நினைத்துக்கொள்ள வேண்டும்.

"பொரிச்ச அன்னைக்கேவா கட்டுவாக? ரெண்டு மாசம் வளரட்டும், எது தேறுதுன்னு பார்த்துக் கட்டுவோம்ல" என்றாள் செல்லத்தாயி.

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்று நான் சொன்னேன். எனக்குத் தெரிந்த பழமொழிகள் எல்லாம் இப்படித்தான் சமயம் பார்த்துக் காலை வாரும்.

பல வருடம் கழித்து, மாட்டுக்கு ஊசி போட வந்த கால்நடை டாக்டர் ஒருவர் எனக்கு விளக்கினார்: பெரிய முட்டையில் பெரிய குஞ்சு வரும், அவ்வளவுதான், அதற்குமேல் அது எவ்வளவு வளரும் என்பது முட்டையின் அளவில் இல்லை, தாய் தகப்பன் ரத்தத்தில் இருக்கிறது. ஒரே அடையில் பொரித்தாலும் ஒவ்வொரு குஞ்சும் தாயிடம் கொஞ்சம் தகப்பனிடம் கொஞ்சம் என்று வேறு வேறு மாதிரி வாங்கிக்கொண்டு வருமாம். கேட்டுக்கொண்டேன். மாடு அப்போது என் காலை மிதித்துக்கொண்டிருந்தது. இந்த வலியோடு சேர்ந்துதான் அந்த ஞானம் உள்ளே போயிற்று.

சாமி குஞ்சுக்குச் சின்னத்துரை என்று பெயர் வைத்தேன். துரைச் சேவலின் வாரிசு அல்லவா! ஒரு மாதத்துக்குள் இறக்கை முளைத்து, வால் முளைத்து, பளபள என்று ஆகிவிட்டது. மற்றவற்றுக்கு முன்னால் கூவவும் தொடங்கியது. அந்தச் சோனிக் குஞ்சு இருக்கிறதே, அதற்கு இறக்கையே முளைக்கவில்லை. உரித்துப் போட்டது போல வெறும் தோல். பாதம் மட்டும் உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் வாத்துப் பாதம் போலப் பெரியது. மொட்டையன் என்று கூப்பிட்டோம். சாமி சேவலுக்குப் பக்கத்தில் அது நிற்பதைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

சீமை இனத்தில் கனத்து வளர்கிற ஜாதிக்கு இறகு தாமதமாகத்தான் முளைக்கும் என்று அந்த டாக்டர் இதையும் சொன்னார். நல்ல மனிதர். கொஞ்சம் முன்னாடி பிறந்து வந்திருக்கலாம்.

போடி கடைவீதியில் தேவசகாயம் என்று எனக்கு ஒரு சிநேகிதன். வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன், ஏலக்காய்க் கடை வைத்திருந்தான். ஐந்தாம் வகுப்புவரை என் பக்கத்துப் பலகை. ஒருநாள் வீட்டுக்கு வந்தவன், "என் பிள்ளைக விளையாட ஒரு குஞ்சு குடேன் சுருளி" என்றான். எதைக் கொடுத்திருப்பேன் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். மொட்டையனைக் கூடையில் போட்டு, மேலே சாக்கை மூடி, "நல்ல ஜாதிக் கோழிப்பா" என்றும் சொல்லி அனுப்பினேன். நான் சொன்ன பொய் ஒன்று அப்படியே பலித்தது என் வாழ்நாளில் அன்றைக்குத்தான்.

பிறகு தொடங்கியது சின்னத்துரை தர்பார். அது அண்ணன் வீட்டுக் குதிரில் தூங்கியது. பக்கத்து வீட்டு அரிசிச் சுளகில் நின்றுகொண்டு கூவியது. திட்டக்கூடாதே! செல்லத்தாயி அடுப்படியில் அகப்பையை ஓங்கி, பிறகு கையைத் தாழ்த்தி, பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வாள்: "சாமி, கொஞ்சம் அங்கன தள்ளிப் போறீகளா?" என்னிடம் அவள் அவ்வளவு மரியாதையாகப் பேசி நான் கேட்டதில்லை.

கம்பு, கடலைப் புண்ணாக்கு, வெல்லம், பானையைக் கவிழ்த்து வைத்துப் பிடித்த கரையான். சின்னத்துரை எல்லாவற்றையும் தின்றது. தின்றதெல்லாம் தொண்டைக்கும் வாலுக்கும்தான் போயிற்று. சத்தம் வளர்ந்தது, வால் வளர்ந்தது, சேவல் வளரவில்லை. கூடப் பொரித்த கோழிகள்கூட அதைக் குனிந்து பார்த்தன.

கண்ணேறு என்று மிளகாய் சுற்றினேன். சனியின் பார்வை என்று குச்சனூருக்குச் சனிக்கிழமைதோறும் நடந்து போய் எள் விளக்கு ஏற்றினேன். சனீஸ்வரனின் வாகனம் என்று தினமும் காக்கைக்கு எள்ளுச் சோறு வைத்தேன். வீட்டைச் சுற்றிக் காக்கைகள் பெருகின. ஒருநாள் அதில் ஒன்று என் கண் முன்னால் புது அடையில் பொரித்த குஞ்சுகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனது. "சோறு வச்சுப் பழக்குனது யாரு?" என்றாள் செல்லத்தாயி. "விருந்துக்கு வந்த இடத்துல கறியையும் கையோட எடுத்துக்கிருச்சு."

இந்தப் பக்கம் கருப்பாயி. தவழ்ந்தாள், உட்கார்ந்தாள், ஒரு கிண்ணம் கேப்பைக்கூழைக் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தட்டினாள். நான் காலையில் எழுந்தவுடன் ஒரு கையில் பிள்ளையையும் இன்னொரு கையில் சின்னத்துரையையும் தூக்கிப் பார்ப்பேன். ஒரு தோள் இறங்கும், ஒரு தோள் ஏறும். பிள்ளை சிரிப்பாள். சேவல் கொத்தும்.

ஒருநாள், சாமி சத்தியமாக என் வாய் என் அனுமதி இல்லாமல் பேசியது: "ஏ தாயி, பிள்ளைக்குக் கூழு இம்புட்டு வேணுமா?"

செல்லத்தாயி கூழ் துழாவுவதை நிறுத்தினாள். திரும்பினாள். "என்ன சொன்னீக?"

"ஒண்ணுமில்லை."

"பிள்ளை வளர்றதைப் பார்த்து மூஞ்சியைச் சுளிக்கிற அப்பனை இந்தப் பள்ளத்தாக்குல எங்கேயும் பார்த்ததில்லைங்க. பஞ்சுக்குள்ள கிடந்தப்ப, மூச்சு இருக்கா இருக்கான்னு மூக்குல விரலை வச்சு வச்சுப் பார்த்தவ நானு. அவ ஒரு பிடி கூடத் தின்னா எனக்கு ஒரு படி நெல்லு விளைஞ்ச மாதிரி இருக்கு. உங்களுக்குச் சேவலு பெருசாப் போச்சோ?"

"சாமி குத்தம் ஆயிரும் தாயி. சொன்ன சொல்லு தவறுனா பிள்ளைக்கு ஏதாச்சும்..." என் பயம் அதுதான். தூக்கம் கெட்டதும் அதனால்தான். ஊர் சிரிப்பது அப்புறம்.

அவள் முகம் கொஞ்சம் இளகியது. கிண்ணத்தைப் பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டே சொன்னாள்: "நானும் பார்க்குறேன், அந்தச் சேவலுக்கு அள்ளி அள்ளிப் போடுறீக. தீனியிலயா இருக்கு வளர்த்தி? நீங்களும் உங்க அண்ணனும் ஒரே வயித்துல பொறந்து ஒரே சட்டியில கம்மஞ்சோறு தின்னவுகதானே. அவுக பனைமரமா வளர்ந்தாக. நீங்க பனங்கிழங்காவே நின்னுட்டீக. உங்களுக்கு யாரு கண்ணு வச்சா? எந்தச் சனி பார்த்துச்சு?"

என் அண்ணன் வாசல் நிலையில் தலை குனியாமல் நுழைந்ததே இல்லை. நான் குதித்தாலும் நிலை எட்டாது. அந்த உண்மை என் எதிரிலேயே எத்தனை வருடமாகக் குனிந்து குனிந்து வந்துபோய்க்கொண்டிருந்தது! கோழி ரகசியம் தேடிக் குச்சனூருக்கு நடந்தவன், வீட்டுக்குள்ளேயே இருந்த சாட்சியைப் பார்க்கவில்லை. (எனக்கு இருந்த ஒரே உயரமான சொத்து மீசை. அதுவும் நீளத்தில்தான், அடர்த்தியைப் பற்றி வேண்டாம்.)

மார்கழி வந்தது. தையில் தராசு வேண்டுமே, இரவல் கேட்கலாம் என்று கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் போடிக்குப் போனேன். தேவசகாயம் வீட்டுப் பின்வாசல் மதில்மேல் எதுவோ நின்றது. ஆட்டுக்குட்டி மதில்மேல் எப்படி ஏறியது என்று நினைத்தேன். அது திரும்பியது. கொண்டை இருந்தது. செங்கல் நிறம். கால் என் மணிக்கட்டுத் தடிமன்.

"இது... யாரு?" என்றேன். மரியாதை தானாக வந்தது.

"நீ குடுத்ததுதான்ப்பா! மொட்டையன்! கடை கூட்டுன குப்பையைத் தின்னே இப்படி ஆயிட்டான். நல்ல ஜாதின்னு நீ சொன்னப்ப நான் நம்பலை சுருளி. மன்னிச்சுக்க."

நான் மதிலைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அவன் கையைப் பிடித்தேன். "தேவா, சின்னத்துரையை எடுத்துக்கிட்டு இவனை எனக்குக் குடுத்துரு."

அவன் காதைப் பொத்தினான். "சாமிக்கு நேர்ந்ததை நான் தின்னா உனக்கும் பாவம், எங்க சர்ச்சு அய்யருக்குத் தெரிஞ்சா எனக்கும் பாவம். அதோட இவன் நாளைக்குக் கிறிஸ்துமஸ் விருந்து. தெருவுக்கே சொல்லியாச்சு." அப்புறம் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டுக் குரலைத் தாழ்த்தினான். "ஒரு யோசனை. கயிறைக் கழட்டி இவன் கால்ல கட்டிட்டா உங்க சாமிக்கு என்ன தெரியப் போகுது?"

ஒரு கணம், ஒரே ஒரு கணம், என் கை மடியில் இல்லாத மஞ்சள் கயிற்றைத் தேடியது. பிறகு கருப்பன் முகம் மனதில் வந்தது. "வேணாம்ப்பா" என்றேன். "எங்க சாமிக்குக் கண்ணு ரொம்பப் பெருசு."

மறுநாள் மொட்டையன் குழம்பானான். எனக்கு இலை போட்டுக் கூப்பிட்டார்கள். நான் மார்கழி விரதம். தெருவே சப்புக்கொட்ட, தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டு, மணத்தை மட்டும் பெற்றுக்கொண்டு ஊர் திரும்பினேன்.

தை கடைசி வெள்ளி. கருப்பன் கோயில் புளியமரக் கிளையில் தேவசகாயத்தின் இரும்புத் தராசு தொங்கியது. அவனே தூக்கி வந்திருந்தான். கோயில் எல்லைக்கு வெளியே நின்று, "நான் தராசுக்குத்தான் காவல்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். சுருளிப்பட்டி பாதியும் வந்திருந்தது. மீதிப் பாதி வழியில் இருந்தது. அண்ணன் கூட்டத்துக்கு மேலே தலை தெரிய நின்றார்.

பூசாரி வீரணன் சின்னத்துரையைப் பார்த்தார். சேவலின் தலையும் காலும் பூசாரி பங்கு. ஒரு வருடமாகக் காத்திருந்தவர். "இதுவாப்பா?" என்றார். அந்த ஒரு சொல்லில் எவ்வளவு பசி!

சேவலைக் கால் கட்டி ஒரு தட்டில் வைத்தார்கள். அது தட்டோடு லேசாக ஆடி, கொண்டையை நிமிர்த்திக்கொண்டது. செல்லத்தாயி கருப்பாயியைக் கொண்டுவந்து மறுதட்டில் உட்கார வைத்தாள். கையை எடுத்தாள்.

தட்டு 'தொம்' என்று தரையில் போய் உட்கார்ந்தது. மறுதட்டு விர்ரென்று மேலே போனது. சின்னத்துரை பூசாரி முகத்துக்கு நேராக ஏறி நின்று, வாழ்க்கையில் இதைவிட உயரம் கண்டதில்லை என்ற பெருமையில், கழுத்தை நீட்டிக் கூவியது.

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. புளியமரத்துக் காக்கைகள் பறந்துவிட்டன. (என் எள்ளுச் சோற்றில் வளர்ந்தவைதான்.) "ஏலே சுருளி, ஒரு சேவல் பட்டாளமே வேணும்டா!" என்றார் அண்ணன். நான் தரையைப் பார்த்தேன். சொன்ன சொல் தவறிவிட்டது. பிள்ளைக்கு என்ன ஆகுமோ, ஐயனே, என்னை எடுத்துக்கொள் என்று உள்ளுக்குள் கதறினேன்.

அப்போது சிரிப்புக்கு நடுவில் ஒரு அழுகை கேட்டது. செல்லத்தாயி. தரையில் உட்கார்ந்திருந்த தட்டைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"இம்புட்டுக் கனமா! என் பிள்ளை இம்புட்டுக் கனமா! பஞ்சுக்குள்ள கோழிக் கனங்கூட இல்லாமக் கிடந்தாளே... கருப்பா, பார்த்தியாய்யா, தரையில இடிச்சுருச்சு பாருய்யா!"

கூட்டம் அடங்கிவிட்டது. உடுக்கைச் சத்தம் கேட்டது. வீரணனுக்குச் சாமி வந்துவிட்டது. கண்ணை உருட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"எவன்டா என் வாசல்ல தராசைக் கட்டினவன்? நான் என்ன ஏலக்காய் மண்டியா வச்சிருக்கேன்?"

நான் விழுந்தேன். "தப்புத்தான் சாமி."

"பிள்ளை கனத்துருச்சா இல்லையா?"

"கனத்துருச்சு சாமி."

"பெறகென்னடா? கனமாக்கத்தானே என்னைக் கேட்டே? நான் என் தட்டைக் கீழே இறக்கிட்டேன். நீ உன் தட்டுக்கு என்ன செய்யப் போறே? மிச்சத்துக்கு என்ன தருவே?"

"எதைக் கேட்டாலும் தாரேன் சாமி!" (ஒரு வருடத்தில் நான் எதையுமே கற்கவில்லை என்பதை இதிலிருந்து அறியலாம்.)

சாமி யோசிக்கிற மாதிரி உடுக்கையை ஒரு தட்டு தட்டியது. அந்த இடைவெளியில் தட்டருகிலிருந்து, கண்ணீரைத் துடைத்துக்கொண்டே, என் மனைவியின் குரல் வந்தது: "மீசையைக் கேளுங்க சாமி!"

"மீசையைக் குடுறா!" என்றது சாமி, மறு பேச்சில்லாமல். வீட்டுக்காரிக்கும் சாமிக்கும் அப்படி ஒரு ஒற்றுமையை நான் அதற்கு முன் கண்டதில்லை. முடி இறக்க வந்திருந்த நாவிதர் அங்கேயே இருந்தார். ஒரு நிமிடத்தில் என் மூக்குக்குக் கீழே காற்று பட்டது. மீசையை வெற்றிலையில் வைத்துச் சின்னத்துரையின் காலடியில் வைத்தார்கள். தட்டுக்கு அது வந்ததே தெரியவில்லை. அப்படியே அந்தரத்தில் நின்றது.

எல்லோரும் தட்டையே பார்த்தார்கள். நானும் பார்த்தேன். எனக்கு அழுகை முட்டியது.

அப்போது அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அந்தப் பனைமர உயரத்துக்கு உயரத்தில் இருந்த தட்டு நன்றாக எட்டியது. உள்ளங்கையைச் சேவலுக்குப் பக்கத்தில் மெதுவாக வைத்து அழுத்தினார். தட்டு இறங்கியது. மறுதட்டில் கருப்பாயி சிரித்துக்கொண்டே தரையை விட்டு எழுந்தாள். முள் நடுவில் வந்து நின்றது.

"சரியாப் போச்சு சாமி, பாருங்க" என்றார் அண்ணன்.

"சரியாப் போச்சு!" என்று ஊரே கத்தியது. சாமி மலை ஏறியது. எல்லைக்கு வெளியே தேவசகாயம் மட்டும் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு, "என் தராசுல இப்படி ஒரு காரியம் நடந்ததே இல்லைப்பா" என்றான். (அவனிடம் ஏலக்காய் விற்ற யாரையாவது கேட்டுப் பாருங்கள்.)

சின்னத்துரையை வெட்ட வேண்டாம் என்று சாமி சொல்லிவிட்டது. பூசாரிக்கே அதன் தலையும் காலும் வேண்டாம் என்று தோன்றியிருக்கும். கயிறோடு விட்டுவிட்டோம். அது ஊருக்குள் பல வருடம் ராஜாவாகத் திரிந்து, தெருவுக்குத் தெரு வம்சம் வைத்தது. இன்றைக்கும் எங்கள் ஊர்ச் சேவல்களைப் பாருங்கள்: வால் நீளம், சத்தம் பெரிசு, உடம்பு கையடக்கம். கம்பு விளைந்தால் கதிரில் நல்ல கதிராகப் பார்த்து விதைக்கு எடுத்து வைக்கிறோம். கோழியில் மட்டும் நன்றாக வளர்ந்ததைக் குழம்பு வைத்துவிட்டு, வளராததை விதைக்கு விடுகிறோம். பிறகு, கோழி ஏன் வளரவில்லை என்று மிளகாய் சுற்றுகிறோம்.

என் மீசை அன்று போனதுதான். வருடா வருடம் தை வெள்ளியில் சாமிக்கு என்று மழித்துவிடுகிறேன். இடையில் முளைக்க விட்டால் செல்லத்தாயி, "எடை இன்னும் சரியாகலைங்க" என்பாள். கருப்பாயி இன்று மூன்று பிள்ளைகளுக்குத் தாய். அவள் எடையைப் பற்றி நான் வாயைத் திறப்பதில்லை; ஒருமுறை திறந்தது போதும். அவள் பிள்ளைகள் என்னைப் பார்த்தால் மூக்குக்குக் கீழே விரலை வைத்து, "தாத்தா, மீசை எத்தனை ராத்தல்?" என்று கேட்கிறார்கள். மாப்பிள்ளையும் திரும்பி நின்று சிரிக்கிறார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இதைப் படிப்பவர்கள் யாருக்காவது சொன்னால் உள்ளபடியே சொல்லுங்கள். அண்ணன் சொல்லும்போது சின்னத்துரை சிட்டுக்குருவி ஆகிவிடுகிறது. தேவசகாயம் சொல்லும்போது மொட்டையன் மயில் ஆகிவிடுகிறான். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். என்னைக் கூறுகெட்டவன் என்று சொல்லுங்கள், அது உள்ளதுதான். ஆனால் தட்டு தரையில் இடித்த இடம் வரும்போது, ஊர் சிரித்ததோடு நிறுத்திவிடாதீர்கள். அவள் அழுததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.